சிசிலியின் கொடியும் கோதுமைக் கதிர்களும்

பிரதேசச் சின்னங்கள் பொதுவாக ஒரு நிலப்பகுதியின் ஒருமைப்பாட்டைக் குறிப்பனவாகவே விளக்கப்படுகின்றன. அவ்வொருமைப்பாட்டினுள் உறைந்துள்ள வர்க்க முரண்பாடுகள் அவ்விளக்கங்களில் இடம்பெறுவதில்லை. இத்தாலியின் சுயாட்சிப் பிரதேசமான சிசிலி 2000ஆம் ஆண்டிற் சட்டவாயிலாக ஏற்றுக்கொண்ட கொடியை இதற்கு உதாரணமாக நோக்கலாம். சிவப்பும் மஞ்சளும் மூலைவிட்டமாகப் பிரியும் அக்கொடியின் நடுவே மெடூசாவின் தலையும், அதனைச் சூழ்ந்து வளைந்த மூன்று கால்களும், மூன்று கோதுமைக் கதிர்களும் உள்ளன.

நிறங்களை முதலில் எடுத்துக்கொள்வோம். 1282 மார்ச் இறுதியில், அஞ்சு வமிசத்துச் சாள்ஸ் மன்னனின் பிரெஞ்சு ஆட்சிக்கும் வரிச்சுமைக்கும் எதிராகப் பலேர்மோ மக்கள் கிளர்ந்தெழுந்தனர். சில நாட்களிற் கோர்லியோனே நகரும் அவர்களோடு இணைந்தது. சிவப்பு பலேர்மோவையும் மஞ்சள் கோர்லியோனேயையும் குறிப்பன என்பது மரபுவழி விளக்கம். ஆயின் அவ்வாண்டிலேயே அரகன் மன்னன் பீற்றர் சிசிலியின் முடியைப் பெற்றான். அரகனின் நிறங்களும் சிவப்பும் மஞ்சளுமே. மக்கள் எழுச்சியின் நிறங்கள் இவ்வாறு புதிய முடியின் நிறங்களோடு ஒன்றிவிட்டன.

மூன்று கால்கள் தீவின் மூன்று முனைகளைச் சுட்டுவன என்பர். அகதொக்கிளிஸ் காலத்து நாணயங்களிலேயே அவ்வுருவைக் காண்கிறோம். கதிர்களோ வேறொரு வரலாற்றைக் கூறுகின்றன. கி.மு. 49இல் உரோமர் வெளியிட்ட வெள்ளி நாணயத்தில் மெடூசா தலையும் கால்களும் கதிர்களும் ஒருங்கே உள்ளன. உரோமின் முதல் மாகாணமாகிய சிசிலி அந்நகருக்குத் தானியம் இறுத்த நிலம். எனவே உரோமர் பொறித்த கதிர் வளத்தின் குறியீடு மட்டுமன்று, திறையின் குறியீடுமாகும்.

அத்தானியத்தின் பெரும்பகுதியை விளைவித்தோருள் பெருநிலக்கிழாரின் அடிமைகளும் அடங்குவர். கி.மு. 135 அளவில் என்னா நகரிற் கிளர்ந்த அடிமைகள், சிரியரான யூனஸ் என்பாரை அந்தியோக்கஸ் என்னும் பெயரில் அரசராக்கினர். அவருடையதெனக் கருதப்படும் வெண்கல நாணயத்திலும் தானியக் கதிரே காணப்படுகின்றது. ஆண்டானின் சின்னத்தை உழைத்தவன் தனதென உரிமைகோரிய அரிய சான்று இது. கி.மு. 132இல் அவ்வெழுச்சி நசுக்கப்பட்டது.

கதிருக்கான போராட்டம் அத்துடன் முடியவில்லை. 1893இற் கோர்லியோனே விவசாயிகள் நியாயமான வாரப் பங்கீட்டைக் கோரி இயக்கமாகத் திரண்டனர். மறு ஆண்டு கிறிஸ்பியின் அரசாங்கம் இராணுவத்தை ஏவி அதனை ஒடுக்கியது. 1946இற் சுயாட்சி கிடைத்தது. ஆயினும் 1947 மே தினத்திற் போர்த்தெல்லா தெல்லா ஜினெஸ்திராவிற் கூடிய உழைப்பாளர்மீது நிகழ்ந்த துப்பாக்கிப் பிரயோகத்திற் பதினொருவர் மாண்டனர்.

சின்னத்தின் பொருள் அதனை வரைந்தோரால் மட்டும் நிர்ணயிக்கப்படுவதில்லை. கதிரின் பொருளை அறியவேண்டின், அதனை விளைவித்தவர் யார், கொண்டுசென்றவர் யார் என்ற வினாக்களிலிருந்தே நாம் தொடங்கவேண்டும்.