இருபது பெயர்கள் தாங்கிய தலைப்புப் பக்கம்: டப்ளின் கூட்டுப் பதிப்புகளும் ரிச்சர்ட்சனின் குற்றச்சாட்டும்

ஆடம் ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’ 1776 மார்ச் 9ஆம் தேதி லண்டனில் வெளிவந்தது. தலைப்புப் பக்கத்தின் அடியில் ஸ்ட்ராஹன், காடெல் என்று இரண்டே பெயர்கள். அதே ஆண்டு டப்ளினில் அச்சான பதிப்பின் அடிப்பகுதியைப் பார்த்தால் ஏதோ ஊர்க்கூட்டத்து வருகைப் பட்டியல் போலிருக்கிறது. வைட்ஸ்டோன், சேம்பர்லேன், டபிள்யூ. வாட்சன், பாட்ஸ், எஸ். வாட்சன், ஹோய், வில்லியம்ஸ், டபிள்யூ. கோல்ஸ், வில்சன், ஆர்மிடேஜ், வாக்கர், மொன்க்ரீஃப், ஜென்கின், கில்பர்ட், கிராஸ், மில்ஸ், ஹால்ஹெட், ஃபாக்னர், ஹிலரி, ஜே. கோல்ஸ். ஆக இருபது பேர். இவர்கள் ஏன் ஒன்றுசேர்ந்தார்கள் என்ற கேள்விக்கு ஒரு பழைய பதில் உண்டு. அது தவறான பதில் என்பது என் கருத்து. ஆனாலும் அதைச் சொன்னவரை அவ்வளவு எளிதில் தாண்டிப் போக முடியாது.

சொன்னவர் சாமுவேல் ரிச்சர்ட்சன். நாவலாசிரியர் என்றே அவரை அறிவோம். தொழிலால் அவர் லண்டன் அச்சகக்காரர். 1753இல் ‘சர் சார்லஸ் கிராண்டிசன்’ நாவல் அவருடைய அச்சகத்தில் அச்சாகிக்கொண்டிருந்தபோது, அச்சான பாரங்கள், அதாவது இன்னும் கட்டப்படாத அச்சுத் தாள்கள், டப்ளினுக்குக் கசிந்தன. டப்ளினில் நாவலை வெளியிடும் ஏற்பாட்டை அவர் ஜார்ஜ் ஃபாக்னரோடு செய்திருந்தார். ஸ்விஃப்டின் படைப்புகளை 1735இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்டவர் இந்த ஃபாக்னர். ஆனால் எக்ஷா, வில்சன், சாண்டர்ஸ் என்ற மூன்று டப்ளின் கடைக்காரர்களிடம் பாரங்கள் முன்னமே போய்ச் சேர்ந்திருந்தன. தன் வேலையாட்களில் யாரோ காசு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள் என்று ரிச்சர்ட்சன் முடிவுகட்டினார். ஃபாக்னர் ஒதுங்கிக்கொண்டார். ஒதுங்கியவர் சும்மா ஒதுங்கவில்லை, அந்த மூவரோடும் சமரசம் பேசித் தானும் பங்கு கேட்டார் என்பது ரிச்சர்ட்சனின் அடுத்த குற்றச்சாட்டு. உடனே தன் வழக்கை ஊருக்கு எடுத்துரைக்கும் ஒரு துண்டுநூலை அச்சிட்டு வெளியிட்டார். அடுத்த ஆண்டு இன்னொரு முறையீடும் வந்தது.

அந்தத் துண்டுநூல் கோபத்தில் எழுதியது. கோபத்துக்குக் காரணமும் இருந்தது. வேலையாளுக்குக் காசு கொடுத்துப் பாரத்தை வெளியே எடுத்தது உண்மையானால் அது எந்த ஊர்ச் சட்டத்திலும் களவுதான். ஆனால் ரிச்சர்ட்சன் அந்த ஒரு செயலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. டப்ளின்காரர்கள் சேர்ந்து செய்வது எல்லாமே சதி, பல பெயர்கள் ஒரே நூலில் இருப்பது கொள்ளையில் பங்கு போட்டதற்குச் சாட்சி என்ற பார்வையை அவர் விதைத்தார். பார்வை நிலைத்துவிட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வரலாற்றாசிரியர் கிப்பன் தன் நினைவுக்குறிப்புகளில் டப்ளின் நூல்வணிகர்களைக் கடற்கொள்ளையர் என்று சொல்லிவிட்டுப் போனபோது அவர் விளக்கம் ஏதும் தர வேண்டியிருக்கவில்லை.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆன் அரசியின் 1710ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அயர்லாந்தில் செல்லவில்லை. 1739ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்ததெல்லாம் மறுபதிப்புகளைப் பிரிட்டனுக்குள் கொண்டுவந்து விற்பதைத்தான். டப்ளினில் அச்சிட்டு டப்ளினில் விற்றவர் சட்டப்படி குற்றவாளி அல்ல என்பதை மேரி பொலார்ட் 1989இல் வெளியிட்ட டப்ளின் நூல்வணிக வரலாற்றில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவிவிட்டார். அதை மீண்டும் நிறுவுவது என் வேலையில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: ரிச்சர்ட்சனின் வாதத்தை உடைக்கும் சான்று ரிச்சர்ட்சனிடமே இருக்கிறது.

டப்ளின் கடைக்காரர்களிடையே ஒரு வழக்கம் இருந்ததை அவரே பதிவு செய்கிறார். லண்டனில் வரவிருக்கும் நூலின் பாரம் யார் கைக்கு முதலில் வருகிறதோ அவர் அந்நூலின் தலைப்பைப் பொது இடத்தில் ஒட்டிவிடுவார். ஒட்டியபின் மற்றவர்கள் அந்த நூலில் கைவைப்பதில்லை. இந்த வழக்கத்தை ரிச்சர்ட்சன் கேலியாகத்தான் குறிப்பிடுகிறார். திருடர்களுக்குள் என்ன நாணயம் என்ற தொனி. தொனியை விலக்கிவிட்டுச் செய்தியை மட்டும் எடுத்துக்கொள்வோம். சட்டம் எந்த உரிமையும் தராத ஊரில், தாங்களாகவே ஓர் உரிமையை உண்டாக்கிக்கொண்டு, அதை மீறாமல் இருக்கவும் பழகிய ஒரு தொழிற்கூட்டம் அங்கே இருந்தது. கொள்ளையர் கூட்டத்துக்கு ஒட்டுப் பலகை எதற்கு? சம்பந்தப்பட்ட எவரையும்விட டப்ளினை வெறுக்கக் காரணம் உள்ளவர் இந்தச் செய்தியைத் தருகிறார் என்பதே அதன் மதிப்பைக் கூட்டுகிறது.

லண்டன்காரர்களும் கூட்டாகத்தானே வெளியிட்டார்கள் என்று கேட்கலாம். ஆம். ஜான்சனின் அகராதி 1755இல் வந்தபோது நாப்டன், லாங்மன், ஹிட்ச், ஹாஸ், மில்லர், டாட்ஸ்லி என்று தலைப்புப் பக்கம் நிறையப் பெயர்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு சொத்து இருந்தது. நூலுரிமையில் பங்கு, விற்கலாம், வாங்கலாம், மகனுக்கு எழுதிவைக்கலாம். டப்ளினில் பங்கிட்டுக்கொள்ள அப்படி ஒரு சொத்தே இல்லை. அப்படியென்றால் அந்த இருபது பேர் எதைப் பங்கிட்டுக்கொண்டார்கள்?

செலவை என்பது எளிதில் வரும் பதில். அது ஓரளவுதான் பொருந்துகிறது. லண்டன் ஸ்மித் இரண்டு குவார்ட்டோ தொகுதிகள். ஒரு தாளை இரண்டு முறை மடித்து நான்கு ஏடாக்கிய பெரிய அளவு, விலை 1 பவுண்டு 16 ஷில்லிங். டப்ளின்காரர்கள் அதை ஒரு தாளுக்கு எட்டு ஏடு வரும் ஆக்டேவோ அளவில் மூன்று தொகுதிகளாக்கினார்கள். முதலீடு சிறியதல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான், 1775இல், ஜான்சனின் அகராதியை இரண்டு குவார்ட்டோ தொகுதிகளாக டப்ளினில் தாமஸ் யூயிங் வெளியிட்டார். தலைப்புப் பக்கத்தில் வெளியிட்டவராக அவர் பெயர் ஒன்றுதான். அச்சுக் கோப்பவர்களின் கூலிக்கும் காகிதத்துக்கும் அகராதியைவிடப் பணம் விழுங்கும் நூல் எது? செலவுதான் கூட்டைத் தீர்மானித்தது என்றால் அகராதிக்கு நாற்பது பெயர்கள் வேண்டும்.

எனவே பட்டியலுக்கே திரும்புகிறேன். பெயர்களின் வரிசை அகரவரிசை அல்ல. அப்படியென்றால் ஆர்மிடேஜ் முதலில் நின்றிருப்பார். ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்களும் சேர்ந்து நிற்கவில்லை. ஒரு கோல்ஸ் எட்டாம் இடத்தில், மற்றவர் கடைசியில். என் கண்ணை நிறுத்தியது பதினெட்டாம் இடம்: ஃபாக்னர். டப்ளினில் அதைவிடப் புகழ்பெற்ற கடைப்பெயர் கிடையாது. கடையின் பெருமைதான் வரிசையை முடிவு செய்தது என்றால் அது முதல் மூன்றுக்குள் இருக்க வேண்டும். ஆனால் ஜார்ஜ் ஃபாக்னர் 1775 ஆகஸ்டில் இறந்துவிட்டார். பதினெட்டாம் இடத்தில் நிற்பவர் கடையை ஏற்ற அவருடைய உறவினர் தாமஸ் டாட் ஃபாக்னர். பழைய கடை, புதிய ஆள். வரிசை கடையை மதிக்கவில்லை, ஆளின் தொழில்மூப்பை மதித்தது என்று வாசிக்கிறேன்.

ஒரு பெயரின் இடத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போகலாமா என்று நண்பர்கள் கேட்டதுண்டு. போகலாம் என்றே நினைக்கிறேன். முதலீடு போட்டவர்களின் பட்டியல் பங்கின் அளவுப்படி அமையும், அல்லது முயற்சியைத் தொடங்கியவர் பெயரோடு தொடங்கும். மூப்பின்படி பெயர் எழுதுவது சங்கங்களின் பழக்கம். இது 1670ஆம் ஆண்டுச் சாசனத்தால் அமைந்த புனித லூக்கா தொழிற்சங்கத்தின் பட்டியலும் அல்ல. கத்தி செய்வோர், வண்ணம் பூசுவோர், நூல்வணிகர் ஆகியோரை ஒரே கூரையின் கீழ் வைத்த அந்தச் சங்கத்தில் கத்தோலிக்கர் அன்று முழு உறுப்பினராக முடியவில்லை. காலாண்டுக் கட்டணம் செலுத்தித் தொழில் நடத்த முடிந்தது, அவ்வளவே. ஹோய் குடும்பத்தார் கத்தோலிக்கர். இந்தப் பட்டியலில் ஹோய் ஆறாவது, பல புராட்டஸ்டண்டுகளுக்கு முன்னால். அதாவது தொழிலுக்குள்ளேயே, சங்கத்தின் மதக்கோட்டைப் பார்க்காமல், தனியாக ஒரு மூப்புக் கணக்கு இருந்திருக்கிறது.

அப்படிப் பார்த்தால் தலைப்புப் பக்கம் ஓர் ஒப்பந்தப் பத்திரத்தின் வேலையைச் செய்கிறது. உன்னை எதிர்த்து மலிவுப் பதிப்பு போடக்கூடிய ஒவ்வொருவரின் பெயரையும் உன் நூலிலேயே அச்சிட்டுவிட்டால், போட்டி போட வெளியே யார் மிஞ்சுவார்கள்? அவர்கள் பங்கிட்டுக்கொண்டது செலவை மட்டுமல்ல, ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கையும். தலைப்பை ஒட்டும் வழக்கம் ஒருவருக்கு உரிமை தந்தது. பலர் ஒரே நேரத்தில் உரிமை கோரிய நூலுக்கு இந்தப் பட்டியல் தீர்வானது. ஸ்மித் நூலில் அப்படித்தான் நடந்தது என்று காட்டும் கடிதம் எதையும் என்னால் முன்வைக்க முடியாது. பட்டியலின் அமைப்பே என் சான்று.

எதிர்ச்சான்று பதினேழாம் இடத்திலேயே இருக்கிறது. வில்லியம் ஹால்ஹெட். ஸ்மித்துக்கு மூன்று வாரம் முன்பு, 1776 பிப்ரவரியில், அதே ஸ்ட்ராஹனும் காடெலும் வெளியிட்ட கிப்பனின் ரோமப் பேரரசு வரலாற்றின் முதல் தொகுதியை டப்ளினில் தனி ஆளாக வெளியிட்டவர் இவர். ஒரே ஆண்டு, ஒரே லண்டன் பதிப்பாளர்கள், ஒரே கடைக்காரர். ஒன்றில் தனியாள், மற்றதில் இருபதில் ஒருவர். ஹால்ஹெட் கையில் கிப்பனின் பாரம் முதலில் கிடைத்து, அவர் தலைப்பை ஒட்டிவிட்டார், மற்றவர்கள் விலகினார்கள் என்று வைத்துக்கொண்டால் இது என் வாதத்துக்குச் சாதகம்.

ஆனால் டப்ளின்காரர்கள் தன் பதிப்பாளரின் சொத்தில் இரண்டு முறை புகுந்தார்கள் என்று கிப்பன் கணக்குச் சொல்கிறார். ஒன்று ஹால்ஹெட்டுடையது. மற்றது அவரே மறுபடி அச்சிட்டதாக இருந்தால் வழக்கம் காக்கப்பட்டது என்று பொருள். வேறொரு கடைக்காரருடையதாக இருந்தால், ஒட்டிய தலைப்பை யாரோ மதிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஸ்மித் வந்தபோது இருபது பேரும் ஒரே பக்கத்தில் பெயர் போட்டது அந்த மீறலைப் பார்த்த பிறகுதான் என்றும் கொள்ளலாம். கிப்பன் எண்ணிக்கையைத்தான் சொல்கிறார், பெயரைச் சொல்லவில்லை. நான் முதல் வாசிப்பின் பக்கம் சாய்கிறேன். இரண்டாவதுதான் கூடுதல் சுவையானது என்றாலும், முதலாவது என் வாதத்துக்கு வசதியானது என்பதால் என் சாய்வை நானே கொஞ்சம் சந்தேகிக்கவும் செய்கிறேன்.