இரண்டு துண்டுக் குண்டு



போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தி அனுப்பியிருந்தார். நவீன ரைபிள் குண்டைக் கண்டுபிடித்தவன் தமிழன்தான், வெள்ளைக்காரன் திருடிவிட்டான் என்று. வழக்கம் போல ஆதாரம் எதுவும் இல்லை. துப்பாக்கி என்ற பேச்சு வந்தாலே எங்கள் வீடு அமைதியாகிவிடும். ஏன் என்று உங்களில் பலருக்குத் தெரியும். நான் அதைக் கையால் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் என்ஜினியரிங் படித்த புத்தி சும்மா இருக்குமா? தேடிப் பார்த்தேன். செய்தி பொய். ஆனால் அந்தப் பொய்க்குப் பக்கத்திலேயே ஒரு உண்மைக் கதை இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது.

முதலில் சிக்கலைச் சொல்கிறேன். 200 வருடங்களுக்கு முன் துப்பாக்கிக்கு மருந்தும் குண்டும் முன்பக்கம் வழியாகத்தான் போடுவார்கள். ரைபிளின் குழலுக்குள் மரை மாதிரி பள்ளங்கள் சுற்றிச் சுற்றிப் போகும். குண்டு அதைப் பிடித்துக்கொண்டு வந்தால்தான் பம்பரம் போலச் சுழன்று நேராகப் போகும். பிடிக்க வேண்டுமென்றால் குண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டும். சண்டையின் நடுவில் அதற்கு நேரம் ஏது? ஆக, உள்ளே போகும்போது தளர்வாகவும் வெளியே வரும்போது இறுக்கமாகவும் இருக்கிற குண்டு தேவை.

ஜோன் நோர்ட்டன் என்ற பிரிட்டிஷ் கப்டன் தென்னிந்தியாவில் இருந்தபோது உள்ளூர் மக்களின் ஊதுகுழலைக் கவனித்தார். அதில் வைத்து ஊதும் அம்பின் அடியில் ஒரு செடித் தண்டின் உட்சோறு, பஞ்சு மாதிரி மெத்தென்று, சுற்றியிருந்தது. ஊதும்போது அது விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். காற்று பக்கவாட்டில் தப்பாது. இதைப் பார்த்துத்தான் 1823இல் அடியில் குழிவான ஒரு ஈயக் குண்டை அவர் வடிவமைத்தார். இராணுவம் அதை ஏற்கவில்லை.

அடுத்து வில்லியம் கிரீனர் என்ற துப்பாக்கி செய்பவர், குண்டின் அடிக்குழியில் ஒரு உலோக ஆப்பு வைத்தார். வெடிக்கும்போது ஆப்பு உள்ளே போய் ஈயத்தை விரிக்கும். 1835இல் டைன்மத்தில் சோதனையும் நடந்தது. வேலை செய்தது. ஆனாலும் நிராகரித்தார்கள். சொன்ன காரணம்: இது ஒரே துண்டாக இல்லை, இரண்டு துண்டாக இருக்கிறது.

இதை வாசித்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

குண்டுக்குள் தளர்வான ஒரு துண்டு இருந்தால் அது எப்போதும் நடுவில் நேராக உட்காரும் என்று யார் உறுதி சொல்வது? சாய்ந்தால் ஈயம் ஒருபக்கம் அதிகமாக விரியும். குண்டின் எடை மையம் அது சுழலும் அச்சை விட்டு விலகும். பழைய என்ஃபீல்டு ரைபிளை எடுங்கள். 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று, வேகம் நொடிக்கு ஏறக்குறைய 900 அடி. அப்படியென்றால் குண்டு நொடிக்குச் சுமார் 140 தடவை சுழல்கிறது. எடை மையம் வெறும் 0.1 மில்லிமீற்றர் விலகினாலே, குழல் வாயை விட்டு வரும் கணத்தில் அது பக்கவாட்டில் நொடிக்கு ஏறக்குறைய 9 சென்றிமீற்றர் வேகத்தில் எறியப்படும். 300 மீற்றர் போய்ச் சேர ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் சுமார் 10 சென்றிமீற்றர் விலகிவிடும். அதுவும் எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தவறு எப்போதும் ஒரே பக்கம் என்றால் குறியைத் திருத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் போனால் என்ன செய்வது? (சொஃப்ட்வெயாரிலும் இப்படித்தான். தினமும் வரும் பிழையை ஒரு மணி நேரத்தில் பிடிப்பேன். நினைத்தபோது வரும் பிழைதான் என் வார இறுதியைத் தின்னும்.)

1849இல் பிரெஞ்சுக்காரர் மினியே செய்த புகழ்பெற்ற குண்டிலும் இதே கதைதான். அடியில் ஒரு இரும்புக் கிண்ணம். பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்தது. சிலவேளை கிண்ணம் குண்டைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். ஈயம் ஒரு வளையமாகக் குழலுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த குண்டை ஏற்ற முடியாது. அமெரிக்காவில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதசாலையில் ஜேம்ஸ் பேர்ட்டன் கிண்ணத்தையே தூக்கியெறிந்தார். குழியை ஆழமாக்கி விளிம்பை மெல்லியதாக்கினால் வெடிக்கும் வாயுவே அதை விரித்துவிடும் என்று கண்டார். 1855இல் அமெரிக்க இராணுவம் அதை ஏற்றது.

பிரிட்டனும் 1853 என்ஃபீல்டுக்குத் தக்கை இல்லாத குண்டோடுதான் தொடங்கியது. பிரிச்செட் குண்டு என்று பெயர். ஆனால் ஆயிரக்கணக்கில் வார்க்கும்போது ஒன்றுபோல் விரியவில்லை. ஆகவே மரத் தக்கை திரும்ப வந்தது. பின்னால் ஸ்னைடர் ரைபிளின் குண்டில் சுட்ட களிமண் தக்கை. துண்டு இருந்தாலும் தலைவலி, இல்லாவிட்டாலும் தலைவலி.

லண்டனில் இருப்பவர்களுக்கு என்ஃபீல்டு தெரிந்த இடம்தான். அந்தத் தொழிற்சாலை இருந்த நிலத்தில் இப்போது வீடுகள். அங்கே பிறந்த ரைபிளின் குழல் விட்டம் .577 அங்குலம், குண்டு .568. இடைவெளி கால் மில்லிமீற்றர்கூட இல்லை. அதை நிரப்பியது கொழுப்பு தடவிய காகிதம். தோட்டாவின் மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, காகிதத்தோடு குண்டை உள்ளே தள்ள வேண்டும். அது மாட்டுக் கொழுப்பா பன்றிக் கொழுப்பா என்ற கேள்வி 1857 ஜனவரியில் கல்கத்தா பக்கம் டம்டமில் கிளம்பியது. மே 10ஆம் தேதி மீரட்டில் சிப்பாய்கள் எழுந்தார்கள். எழுச்சிக்கு வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால் நெருப்பு பற்றியது அந்தக் கால் மில்லிமீற்றர் இடைவெளியில்தான்.

சித்தப்பாவுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். "அப்ப அந்த ஊதுகுழல்காரன் தமிழன்தானே?" என்று கேட்டார். "தென்னிந்தியா என்று மட்டும்தான் இருக்கு சித்தப்பா, அந்த ஆளின் பெயரையே யாரும் எழுதவில்லை" என்றேன்.

பணம் கொடுத்த கணக்கு மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. மினியேக்கு பிரிட்டிஷ் அரசு 20,000 பவுண் கொடுத்தது. யோசனை எனக்குத்தான் முதலில் வந்தது என்று விடாமல் வாதாடிய கிரீனருக்கு 1,000 பவுண் கிடைத்தது. அதுவும் 1857இல்.