கொச்சி அடுக்களையின் ஆசாரம் யாருடையது?

கோபாலபுரத்திலிருந்து கடற்கரைப் பக்கம் நீளும் லாயிட்ஸ் சாலையில் யூதர்களின் சிறிய இடுகாடு ஒன்று இருக்கிறது. வைரமும் பவளமும் வாங்கி விற்க 17ஆம் நூற்றாண்டில் மதராசுக்கு வந்த யூத வணிகர்களின் பழைய கல்லறைகள் பெத்தநாயக்கன்பேட்டையிலிருந்து இடம் மாறி இங்கே வந்து சேர்ந்தன. 1688இல் மதராஸ் மாநகராட்சி தொடங்கியபோது 12 ஆல்டர்மேன்களில் மூவர் யூதர்கள். ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு அந்த வணிகத்தை இன்றும் நினைவூட்டுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கணக்குகள் சரக்கை எழுதினவே தவிர அடுக்களையை எழுதவில்லை. தென்னாட்டு யூதர் வீட்டில் பஸ்கா பண்டிகைக்கு என்ன நடந்தது என்று அறிய கொச்சியின் மட்டாஞ்சேரிக்குத்தான் போக வேண்டும்.

1568இல் பரதேசி ஜெபாலயம் எழுந்த மட்டாஞ்சேரித் தெருவில் முன்பெல்லாம், பங்குனி, சித்திரையில் வரும் பஸ்காவுக்கான வேலை மார்கழி வாக்கில், ஹனுக்கா பண்டிகை முடிந்த கையோடு தொடங்கிவிடும். சுவரைச் சுரண்டி வெள்ளையடிப்பார்கள், கிணற்றை இறைத்துக் கழுவுவார்கள். மிளகும் மல்லியும் புடைத்துக் காயும். அரிசியைப் பெண்கள் மணிமணியாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். பண்டிகைப் பாத்திரங்கள் தனி, அவற்றை வைக்கும் இடமும் தனி. இதில் ஒரு பெண் தவறினால் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து என்ற நம்பிக்கையும் இருந்தது. இந்தச் சமூகத்தை நேரில் ஆராய்ந்த நேதன் காட்ஸ், எலன் கோல்ட்பர்க் இருவரும், பிராமண ஆசாரத்தின் சாயல் யூதர் வீட்டில் படிந்ததன் விளைவே இந்தக் கடுமை என்று 1989இல் எழுதினார்கள். மடியும் பத்தும் பார்த்துப் பழகிய மயிலாப்பூர் வாசகருக்கு அது உடனே சரியென்று தோன்றும். ஆனால் சான்றுகள் அந்த முடிவுக்குப் பாதி தூரம்தான் துணை வருகின்றன.

பஸ்கா நாட்களில் வீட்டில் புளித்த மாவு காணப்படவே கூடாது என்பது யாத்திராகமத்தின் கட்டளை. முந்தின இரவு விளக்கேற்றி மூலைமுடுக்கெல்லாம் தேட வேண்டும் என்பதை, சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா சொல்லிவிட்டது. உலோகப் பாத்திரத்தை நெருப்பிலோ கொதிநீரிலோ சுத்தம் செய்யலாம், மண்சட்டிக்கு அந்த வழியில்லை என்பதும் யூதச் சட்டமே. விலக்கு கோதுமை, வாற்கோதுமை முதலான ஐந்து தானியங்களுக்கு மட்டும்தான். அந்த மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடம் சும்மா கிடந்தால் புளித்ததாகக் கணக்கு. அரிசி அந்தப் பட்டியலில் இல்லை. ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்கள்தாம் பிற்காலத்தில் அதையும் விலக்கினார்கள். கொச்சியில் பஸ்காவுக்கு அரிசி உண்டதும், கோதுமை மணி கலந்துவிடாதபடி அதைப் பொறுக்கியதும் செபார்டி மரபைப் பின்பற்றும் மற்ற யூதர்கள் பலரிடமும் உள்ள வழக்கமே. இதை மடியோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். பத்து என்பது ஆண்டு முழுவதும் பத்துதான். புளித்த மாவோ எட்டு நாள் விலகியிருந்து, ஒன்பதாம் நாள் யாதொரு தீட்டும் இல்லாமல் அடுக்களைக்குத் திரும்பிவிடும். கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்களும் இதற்குச் சாட்சி. நூல்களும் குருமார்களும் இல்லாமல் பல தலைமுறை வாழ்ந்த அவர்கள், பஸ்காவைப் புளிப்புச் சாடியை மூடிவைக்கும் திருநாளாகக் கொண்டாடினார்கள். எந்தப் புளிப்பு என்ற நுணுக்கம் மறந்துபோயிருந்தது. புளிப்பை விலக்க வேண்டும் என்பது மறக்கவில்லை.

விதி யூதருடையது என்றே வைத்துக்கொள்வோம், மூன்று மாதம் முன்பே தொடங்கும் இந்த மும்முரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சமையலறைச் சுத்தத்தை வைத்தே ஒரு குடும்பத்தின் மேன்மையை எடைபோட்ட ஊரில், அரண்மனைக்கு அடுத்த தெருவில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கடுமை மதிப்பைக் கூட்டியிருக்கும். அந்த அளவுக்குக் காட்ஸ் சொல்வது சரி. ஆனால் பஸ்காவுக்கு வீட்டையே தலைகீழாக்கித் துடைக்கும் வழக்கம், பிராமணரைக் கண்ணால் கண்டிராத போலந்து யூதர்களிடமும் உண்டு. அக்கம்பக்கம் உற்சாகம் தந்திருக்கலாம், சட்டத்தைத் தரவில்லை.

சாதி அந்தச் சமூகத்துக்குள் நுழையவே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. நுழைந்த வாசல் வேறு. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களைப் பரதேசி யூதர்கள் தங்கள் ஜெபாலயத்தில் சமமாக உட்காரவிடவில்லை, பெண் கொடுக்கவுமில்லை. முறைப்படி மதத்தில் சேர்க்கப்பட்டவர்களிடம் வேற்றுமை பாராட்டக் கூடாது என்று எகிப்தின் ரபி டேவிட் இப்னு சிம்ரா 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சிக்குத் தீர்ப்பு எழுதியிருந்தும் வழக்கம் மாறவில்லை. விடுவிக்கப்பட்டவர்களின் பிரிவில் பிறந்து, சென்னையில் படித்து வழக்கறிஞரான ஏ.பி. சேலம் (1882–1967) ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. அடுக்களையில் வழக்கம் சட்டத்தின் வழியே நடந்தது, இருக்கை வரிசையில் அதே வழக்கம் சட்டத்தை மீறி நின்றது. ஊரிடமிருந்து கடன் வாங்கியது எது என்பதை இந்த மீறலே காட்டிக்கொடுக்கிறது. கொச்சி யூதர்களிடம் சாதியைத் தேடுகிறவர்கள் அரிசி முறத்தை விட்டுவிட்டு ஜெபாலயத்தின் இருக்கைகளைப் பார்க்க வேண்டும்.