உதிரிப்பாகத்தைக் கண்டுபிடித்தவர் யார்?

கைத்துப்பாக்கியில் சுருள்வில்லைத் தாங்கும் கம்பி தொல்லை கொடுத்தால், இன்று புதியதொன்றை வாங்கிப் போடுகிறார்கள். பொருந்திவிடுகிறது. 250 வருடங்களுக்கு முன் இது நடக்காது. ஒவ்வொரு துப்பாக்கியும் கையால் அராவிச் செய்யப்பட்டது. ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குச் சேராது.

இதை மாற்றியவர் அமெரிக்கரான ஈலாய் விட்னி என்று பல புத்தகங்கள் சொல்கின்றன. 1798இல் அவர் 10,000 துப்பாக்கிகளை இரண்டு வருடத்தில் தருவதாக அரசுடன் ஒப்பந்தம் செய்தார். கொடுத்து முடித்தது 1809இல். எஞ்சியிருக்கும் அவருடைய துப்பாக்கிகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், பாகங்கள் மாற்றிப் பொருந்தவில்லை என்று கண்டார்கள்.

உண்மையில் 1785இலேயே பிரான்ஸில் ஒனோரே பிளான் என்ற தொழிலாளி, 50 துப்பாக்கிகளின் சுடும் பொறிகளைத் துண்டு துண்டாகக் கழற்றி தோமஸ் ஜெபர்சன் முன் வைத்தார். கைக்கு வந்ததை எடுத்து ஜெபர்சனே சிலவற்றைப் பூட்டினார். எல்லாம் பொருந்தின. பின்னர் அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் ஜோன் ஹோல் இதை இயந்திரங்களாலும் அளவுமானிகளாலும் சாதித்தார். 1826-27 சோதனையில் 100 ரைபிள்களின் பாகங்களைக் கலந்து பூட்டியும் அவை பொருந்தின.

நம் வீட்டுத் தையல் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் கடையில் உதிரிப்பாகம் கிடைப்பது இந்த வழியில் வந்ததுதான். பிள்ளைகளுக்கு விட்னியைப் படிப்பிக்கும்போது மற்ற இருவரின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். உழைத்தவனின் பங்கை மறைப்பது அநியாயம்.