பாடும் பூச்சிகளின் ஒலித்தொடர்பும் இடக்காப்பும்

பாடும் பூச்சிகள் என்பன உடலுறுப்புகளை உரசியோ அதிரச் செய்தோ ஒலியெழுப்பித் தம் இனத்துடன் தொடர்பு கொள்ளும் பூச்சிகள் ஆகும். வெட்டுக்கிளி, சுவர்க்கோழி, சில்வண்டு ஆகியவை இவற்றுள் நன்கு அறியப்பட்டவை. பெரும்பாலும் ஆண்களே பாடுகின்றன. அப்பாட்டு பெண்ணை அழைக்கிறது; அவ்விடத்தை வேறோர் ஆண் பிடித்துவிட்டது என அண்டையிலுள்ள ஆண்களுக்கும் அறிவிக்கிறது. அரக்கோணம் போன்ற வட தமிழ்நாட்டு ஊர்களின் ஏரிக்கரைப் புதர்களில், மழைக்குப் பிந்தைய இரவுகளில் இடைவிடாது கேட்கும் இரைச்சலில் பெரும்பங்கு சுவர்க்கோழிகளுடையது.

ஒலியெழுப்பும் முறை

சுவர்க்கோழியின் முன்சிறகின் அடியில் அரம் போன்ற பல்வரிசை உள்ளது. மற்றச் சிறகின் விளிம்பு அதன்மீது உரசுவதால் ஒலி பிறக்கிறது. குட்டை உணர்கொம்புடைய வெட்டுக்கிளிகள் பின்னங்காலைச் சிறகில் உரசுகின்றன. சில்வண்டோ வயிற்றின் இருபுறமுள்ள சவ்வுகளைத் தசையால் அதிரச் செய்கிறது. சுவர்க்கோழிக்குக் காது முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே அமைந்துள்ளது.

இடக்காப்பும் சண்டையும்

நிலத்தில் வளை அல்லது பிளவைப் பிடித்து வாழும் சுவர்க்கோழிகளுக்குப் பொதுவாக மூவகைப் பாட்டுகள் உண்டு: தொலைவிலுள்ள பெண்ணை அழைப்பது, அருகில் வந்த பெண்ணை இணங்கச் செய்வது, எதிரியை மிரட்டுவது. இரு ஆண்கள் சந்தித்தால் முதலில் உணர்கொம்புகளால் அடித்துக்கொள்கின்றன. பின்னர் தாடைகளை விரித்துக் காட்டும். அப்போதும் எதுவும் பின்வாங்காவிட்டால் தாடைகளைக் கோத்துக்கொண்டு மல்லுக்கட்டும். வென்றது பாடும், தோற்றது பாடாமல் விலகும்.

இலை ஒலிபெருக்கி

தென்னிந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் ஈகாந்தசு என்றியி என்னும் மரச் சுவர்க்கோழி இத்துறையில் நன்கு ஆராயப்பட்ட ஒன்று. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பாலகிருட்டிணனும் அவருடைய மாணவர்களும் கருநாடகத்தின் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில் இதனை ஆய்ந்துள்ளனர். இதன் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 3,000 அதிர்வுகள் கொண்டது. அதன் அலைநீளம் சுமார் 11 செ.மீ.; சிறகோ அதைவிட மிகச் சிறியது. ஆகவே சிறகின் முன்புறமும் பின்புறமும் எழும் அலைகள் விளிம்பில் ஒன்றையொன்று அழித்துவிட, பாட்டு வலுவிழக்கிறது.

இதற்குச் சில ஆண்கள் கண்ட வழி வியப்பானது. பெரிய இலையொன்றின் நடுப்பகுதியில் துளையைக் கடித்து, தலையையும் முன்சிறகுகளையும் அதன் வழியே நீட்டிப் பாடுகின்றன. இலை தடுப்பாக நிற்பதால் அலைகள் அழிவது குறைந்து, ஒலி பன்மடங்கு உரக்கக் கேட்கிறது. இத்தகைய பழக்கம் 1975-இல் தென்னாப்பிரிக்க இனமொன்றில் முதலில் விவரிக்கப்பட்டது. பூச்சி கருவி செய்கிறது என்று இதைச் சொல்வது மிகையன்று.

ரித்திக் தேப் முதலியோர் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உடல் சிறுத்த, குரல் தாழ்ந்த ஆண்களே இவ்வழியை மிகுதியாகக் கையாள்கின்றன. உரத்த பாட்டை விரும்பும் பெண்கள் அதனால் ஈர்க்கப்பட்டு வருகின்றன. வந்தபின் ஆணின் சிறுமையை உணர்ந்து விலகுவதுமில்லை. இணைந்திருக்கும் நேரமும் கூடுகிறது.

பாட்டும் பகையும்

பாடுபவனையே பகை எளிதில் கண்டுபிடிக்கும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் இதே ஆய்வகம் மேற்குத் தொடர்ச்சி மலை வெட்டுக்கிளிகள் பற்றி 2015-இல் வெளியிட்ட ஆய்வு வேறு முடிவைத் தந்தது. அங்கு வௌவாலுக்கு மிகுதியாக இரையானவை பாடாத பெண்களே. அவை இடம்விட்டு இடம் பறப்பது அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.