குரோம் நிறச்சரிவில் அடிவானக் கோடு: ஒளியியல் வாதம் பற்றிய ஒரு மறு ஆய்வு

பளபளக்கும் பரப்பை நம்பத்தக்க முறையில் வரைய வேண்டுமானால் அதை ஆடியோ வில்லையோ கொண்டு நேரில் கண்டு படியெடுத்திருக்க வேண்டும் என்னும் கருத்தை அண்மைக் காலத்தில் வலிமையாக முன்வைத்தவர் பிரித்தானிய ஓவியர் டேவிட் ஹாக்னி. இயற்பியலாளர் சார்லஸ் ஃபால்கோவின் துணையோடு உருவாகி 2001-இல் ‘சீக்ரெட் நாலெட்ஜ்’ நூலில் விரிந்த அவ்வாதம், ஏறத்தாழ 1430-ஐ ஒட்டி ஃபிளாண்டர்ஸ் ஓவியங்களில் தோன்றும் மெய்ம்மைக்குக் குழியாடி வீழ்த்திய பிம்பமே காரணம் என்கிறது. போர்க்கவசத்தின் மினுக்கமும் அதன் சான்றுகளுள் ஒன்று. ஒளியியலாளர் டேவிட் ஸ்டார்க் முதலியோர் இதை வடிவியல் கணக்குகளால் மறுத்துள்ளனர். கருவி கோடு இழுப்பதில்லை, கைதான் இழுக்கிறது என்பதை ஹாக்னியே ஒப்புக்கொள்வதால், அவரை எளிமைப்படுத்தி வீழ்த்துவது நேர்மையாகாது. ஆயினும் அவ்வாதத்தின் அடியில் கிடக்கும் ஊகம், அதாவது மெய்போலத் தோன்றும் மினுக்கம் கண்டதன் படியாகவே இருக்கும் என்பது, பதினைந்தாம் நூற்றாண்டுக்கு எவ்வளவு பொருந்தினாலும், கணினி ஓவியத்தில் குரோம் தோற்றம் உருவான வரலாற்றுக்குப் பொருந்தவில்லை.

குரோமியம் பூசிய பரப்புக்குத் தனக்கென நிறம் இல்லை என்றே சொல்லலாம். சுற்றுப்புறத்தைத் திருப்பிக் காட்டுவதே அதன் தோற்றம். ஆனால் ஓவியர்கள் வரையும் குரோமில் சுற்றுப்புறம் எப்போதும் ஒன்றே: மேலே நீல வானம், அது கீழிறங்க வெளிறி அடிவானத்தில் வெண்மை, உடனே கூர்மையான கருங்கோடு, அதன்கீழ் பாலைநிலப் பழுப்பு. மழைநகரத்துக் காரின் பம்பரிலும் இந்தப் பாலையே மின்னுகிறது. கணினிக்கு முன்பே, 1970-களின் ஏர்பிரஷ் ஓவியர்களிடம், அதாவது காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தூவி வரைந்தவர்களிடம், இம்மரபு வேரூன்றிவிட்டது. ஜப்பானிய ஓவியர் ஹஜிமே சொராயாமா தம் முதல் உலோக எந்திர உருவத்தை வரைந்தது 1978-இல். எனினும் அடிவானக் கோட்டை ஒருவர் பெயரிலோ ஓர் ஆண்டிலோ நிறுத்துவது பொருந்தாது.

இங்கு ஒரே ஒரு சான்றை நின்று பார்ப்பது தகும். ஃபோட்டோஷாப் வெக்டார் மென்பொருள், அதாவது வடிவங்களைக் கணிதக் கோடுகளாகக் கையாளும் மென்பொருள், அன்று. அது புள்ளிப்படத்தைக் கையாளுவது. ஆயினும் அதன் பல பதிப்புகளில் உடன்வந்த கிரேடியன்ட்களுள், அதாவது ஒரு நிறம் மற்றொன்றாகப் படிப்படியாக மாறும் நிறச்சரிவுகளுள், ‘குரோம்’ என்ற பெயருடைய ஒன்று இம்மரபை எண்களாக உறையவைத்திருக்கிறது. மேலிருந்து கீழாக இழுத்தால் 0 விழுக்காட்டில் நீலம், 50-இல் வெண்மை, 52-இல் கரும்பழுப்பு, 64-இல் பொன்மஞ்சள் கலந்த பழுப்பு, 100-இல் மீண்டும் வெண்மை. இவ்வைந்து நிறுத்தங்களையும் படுக்கையாகக் கிடக்கும் ஓர் உருளையின் ஒளியியலோடு ஒப்பிட்டால் முரண் வெளிப்படும். பரப்பு ஒரு பாகை சாய்ந்தால் எதிரொளிக்கும் திசை இரு பாகை திரும்புவதால், கண்மட்டத்தில் வைத்துப் பார்க்கும் உருளையின் நடுவில் அடிவானமும், மேல் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 15 விழுக்காட்டில் உச்சிவானமும், விளிம்பிலேயே மறுபடி அடிவானமும் தெரியவேண்டும், கீழ்ப்பாதியிலும் அவ்வாறே. எனவே ஆழ்ந்த நீலம் 15-ஐ ஒட்டி அமைந்து, விளிம்பை நோக்கி வெளிறியிருக்க வேண்டும். குரோம் சரிவிலோ நீலம் விளிம்பிலேயே உச்சம் கொள்கிறது. அது உருளையில் கண்ட வானமன்று. சுவரில் மாட்டிய நிலக்காட்சியின் வானம்.

50-க்கும் 52-க்கும் இடைப்பட்ட இரு விழுக்காடு இன்னும் முக்கியமானது. கோட்டின் ஒரு பக்கம் மெல்லக் கரைய, மறுபக்கம் வெட்டியதுபோல் நிற்பதற்கு இயற்கைக் காட்சியில் கட்டாயம் ஏதுமில்லை; புழுதி மிகுந்த வெளியில் தொலைநிலமும் வெளிறியே தெரியும். ஏர்பிரஷ் ஓவியரின் மேசையிலோ அதற்குக் கட்டாயம் உண்டு: வண்ணம் படக்கூடாத இடத்தை ஒட்டுத்தாளால் மூடித் தூவினால், தாளின் விளிம்பில் கூர்மையும் அதற்கு அப்பால் தானாகக் கரையும் மென்மையும் ஒரே வீச்சில் கிடைக்கின்றன. ஆதலால் அடிவானக் கோடு பாலைவனத்திலிருந்து வந்ததைவிட ஒட்டுத்தாளின் விளிம்பிலிருந்து வந்தது என்றே கொள்ளவேண்டும். சான்று மெலிதே, ஆயினும் கண்டு படியெடுத்தார்கள் என்னும் விளக்கத்தால் இந்த ஒருபக்கக் கூர்மை விளங்குவதில்லை, கருவியை வைத்து விளங்குகிறது.

வெக்டார் மென்பொருள்களின் வளர்ச்சியும் இவ்வழியிலேயே சென்றது. 1987-இல் வெளிவந்த இல்லஸ்ட்ரேட்டரில் நிறச்சரிவு இல்லை. மறுஆண்டின் ‘இல்லஸ்ட்ரேட்டர் 88’ இரு வடிவங்களுக்கிடையே இடைநிலை வடிவங்களை அடுக்கும் ‘பிளெண்ட்’ கருவியைத் தந்தது. அதே ஆண்டு வந்த ஃப்ரீஹேண்டில் சரிவு நிரப்பலே இருந்தது. இல்லஸ்ட்ரேட்டர் அதைப் பெற்றது 1993-இல். நிறுத்தங்களை வேண்டுமிடத்தில் நெருக்கிவைக்க முடிந்தபோது, ஒட்டுத்தாளின் வேலையை எண்கள் ஏற்றுக்கொண்டன.

ஹாக்னியின் பக்கம் நியாயம் திரும்பும் இடமும் ஒன்று உண்டு. 1998-இல் இல்லஸ்ட்ரேட்டர் 8 கொண்டுவந்த ‘மெஷ்’, அதாவது வலைப்பின்னலின் ஒவ்வொரு முடிச்சுக்கும் தனி நிறம் தரும் வசதி, ஒளிப்படத்தை அடியில் வைத்து அதன் நிறங்களை முடிச்சு முடிச்சாக எடுத்துக்கொள்ள வழிசெய்தது. அது வில்லை தந்த பிம்பத்தைப் படியெடுப்பதே. ஆனால் மெஷ் வந்த பின்னும் எழுத்துகளின்மேல் குரோம் வேண்டுவோர் ஐந்து நிறுத்தச் சரிவையே நாடுகின்றனர். பார்ப்பவரும் அதை உலோகமென்றே ஏற்கின்றனர்.

தீராத கேள்வி ஒன்று எஞ்சுகிறது. சரிவின் 100 விழுக்காட்டில் நிற்கும் வெண்மை, உருளையின் கீழ் விளிம்பில் அடிவானம் மீளவேண்டும் என்ற விதியோடு ஒத்துப்போகிறது. மேற்பாதி விதியை மீற, கீழ்ப்பாதி மட்டும் அதற்கு இணங்குவது உலோகத்தைப் பார்த்துக் குறித்த ஒரு கண்ணின் தடமாகலாம். இருண்டு முடியும் விளிம்பைத் தவிர்க்க வைத்த வெளிச்சமாகவும் ஆகலாம். முந்தையது உண்மையானால், இந்த ஒரு நிறுத்தத்தின் அளவுக்கேனும் ஹாக்னிக்கு இடம் விடவேண்டும்.