நிரலைச் சோதிக்கும் நிரல்

வவுனியா நகரை அடுத்துள்ள நெளுக்குளம் என்னும் ஊரின் பெயரில் எத்தனை எழுத்துக்கள் உள? அரிச்சுவடி கற்ற சிறுவனைக் கேட்டால், நெ, ளு, க், கு, ள, ம் என விரல்விட்டு எண்ணி, ஆறு என்பான். கணினியிடம் கேட்டால் விடை அத்துணை எளிதன்று. யூனிக்கோடு முறையில் அகரமேறிய மெய்க்கு ஒரு குறியீடு, அதனைச் சாரும் உயிர்க்குறிக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று எனப் பிரித்தே அப்பெயர் எழுதப்படுகின்றது. அக்குறியீடுகளை எண்ணினால் 11 வரும். அவற்றை யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளாக்கி எண்ணினால் 33 வரும். மூன்றும் ஒவ்வொரு வகையிற் சரியே. ஆயினும் தமிழிலே நிரல் எழுதப் பழகும் மாணவனுக்கு வேண்டியது ஆறு ஒன்றுதான்.

மாணவன் எழுதும் நிரலை வரிக்கு வரி படித்துப் பொருள் கண்டு நிறைவேற்றுவது 'இன்டர்பிரட்டர்' எனப்படும் மொழிபெயர்ப்பான். அதுவும் ஒரு நிரலே, மனிதர் எழுதியதே, ஆதலின் பிழைக்கு இடங்கொடுப்பதே. மாணவனின் கணக்கிற் பிழையிருந்தால் அது அவனோடு முடியும். மொழிபெயர்ப்பானிற் பிழையிருந்தாலோ, சரியாக எழுதியவனும் தவறான விடை பெற்றுத் தன் அறிவையே குறைவென்று எண்ணி ஒதுங்கிவிடுவான். இக்கேட்டைத் தவிர்க்க எழுந்ததே, மொழிபெயர்ப்பானைத் தானாகவே சோதித்துப் பார்க்கும் நிரல். அதன் வரலாறு சுவையுடையது.

1949ஆம் ஆண்டு மே மாதம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணினி இயங்கத் தொடங்கியது. அதனை அமைத்த மாரிஸ் வில்க்ஸ், அடுத்த சில வாரங்களிலேயே ஓர் உண்மையை உணர்ந்தார். எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதி தம் நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகின்றது என்பது, கணினி அறைக்கும் நாடா துளையிடும் இடத்துக்குமிடையே படியில் நடந்துகொண்டிருந்தபோது தமக்குப் புலனானதாகப் பிற்காலத்தில் அவர் எழுதினார். அந்நாளில் சோதனை என்பது மனிதர் கண்ணால் விடையைப் பார்த்துச் சரியென்று சொல்வதே. கண் சோரும், நூறாவது முறை பார்ப்பவன் பாராமலே சரி என்பான்.

சோதிப்பவரின் கணிப்பும் தவறலாம் என்பதற்கு 1964ஆம் ஆண்டு ஒரு வேடிக்கையான சான்று கிடைத்தது. அல்கோல் 60 மொழிக்கான மொழிபெயர்ப்பான்களில் எது ஆள், எது பையன் என்று பிரித்தறிய டொனால்ட் நூத் சில வரிகளே கொண்ட ஒரு நிரலை வெளியிட்டார். தன்னைத் தானே பலமுறை அழைத்துச் சுழலும் அந்நிரலுக்கு விடை -121 ஆகலாம் என்று அவர் ஊகித்தார். உண்மை விடையோ -67! பேரறிஞரின் கையும் வழுக்கும் இடம் அது. எதிர்பார்க்கும் விடையை எழுதிவைத்தால் மட்டும் போதாது, அவ்விடையையும் ஐயுற்று நோக்க வேண்டும் என்பதை அந்நிரல் காட்டிவிட்டது.

1987 டிசம்பரில் அமெரிக்கரான லாரி வால், பெர்ல் என்னும் மொழியின் முதற் பதிப்பை வெளியிட்டார். மொழிபெயர்ப்பானோடு, அதனைச் சோதிக்கும் சிறுசிறு நிரல்களும், அவற்றை வரிசையாக ஓட்டும் ஒரு நிரலும் உடன் வந்தன. ஒவ்வொரு சோதனையும் தொடக்கத்திலேயே 'ஒன்று முதல் பத்து' என்றாற்போலத் தன் தேர்வுகளின் தொகையை அறிவிக்கும். பின்னர் 'ஓகே 1', 'ஓகே 2' என்று ஒவ்வொன்றாக அச்சிடும். தவறினால் 'நாட் ஓகே' என்னும். தொகையை முன்னரே சொல்வது ஏன்? ஏழாவது தேர்வு முடிந்தபின் மொழிபெயர்ப்பான் நிலைகுலைந்து நின்றுவிட்டால், அச்சான ஏழும் சரியென்றே தோன்றும். மிகுதி மூன்று வராமையை எண்ணிக்கை ஒன்றே காட்டும். ஆரவாரமில்லாத இந்த உபாயம் பின்னர் வேறு பல மொழிகளிலும் கையாளப்பட்டது. மேலும், அடிப்படைச் சோதனைகளே முதலில் ஓடும். அவற்றில் ஒன்று தவறினாலும் அப்பால் ஓட்டாமல் நிறுத்திவிடும். அரிச்சுவடியில் தவறியவனை இலக்கணத்திற் சோதிப்பதிற் பயனென்ன?

தமிழுக்கு வருவோம். முத்து அண்ணாமலை 2007ஆம் ஆண்டு தொடங்கி, 2009இல் ஒரு கட்டுரை வாயிலாக அறிமுகப்படுத்திய 'எழில்' என்பது தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதும் மொழி. 'பதிப்பி' என்றால் அச்சிடும். நிபந்தனை முன்னும் 'ஆனால்' என்னும் சொல் பின்னுமாக வருவது தமிழ் வாக்கியத்தின் இயல்பையே பின்பற்றியது. எழிலின் மொழிபெயர்ப்பான் பைத்தன் மொழியில் எழுதப்பட்டது. அடித்தளமாகிய அந்தப் பைத்தனே 2008 டிசம்பரில் மூன்றாம் பதிப்பாக மாறியது. முன்பு 7ஐ 2ஆல் வகுத்தால் 3 என்றது, இப்போது 3.5 என்றது. ஒரு சொல்லின் நீளத்தைப் பைட்டுகளாக எண்ணியது, குறியீடுகளாக எண்ணத் தொடங்கியது. கீழுள்ள மொழியிடம் வேலையை அப்படியே ஒப்படைத்துவிடும் மொழிபெயர்ப்பானில், ஒரு வரியையும் எவரும் தொடாமலே நேற்றைய விடை இன்று மாறிவிடும்.

வன்னிக் கமக்காரர் மாரிக்கு முன் குளக்கட்டைப் பார்வையிடும்போது, முன்னொருகால் உடைத்த இடத்தில் நின்று நிதானித்துப் பார்ப்பர். சோதனைத் தொகுதியும் அத்தகையதே. கண்டுபிடித்த ஒவ்வொரு பிழைக்கும் ஒரு சிறு நிரல் எழுதி அதிற் சேர்த்துவிடுவர். மாற்றம் எதைச் செய்தாலும் பழைய இடங்கள் யாவும் மீண்டும் பார்க்கப்படும்.

தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியீட்டுக்குக் குறியீடு ஒப்புநோக்கும் சோதனை நிரலோ அவற்றை வேறென்று கூறி, குற்றமற்ற மொழிபெயர்ப்பானைக் குற்றவாளியாக்கும். ஆதலின் எதிர்பார்த்த விடையையும் வந்த விடையையும் முதலில் ஒரே வடிவுக்குக் கொணர்ந்து, அதன் பின்னரே ஒப்பிடல் வேண்டும். எழுத்தெண்ணும் சிக்கலுக்கு, எழில் முயற்சியிலிருந்து கிளைத்த 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரல் தொகுப்பு வழிகண்டது. சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் செயல்கூறு அதில் உண்டு. நெளுக்குளம் என்று கொடுத்தால் நெ, ளு, க், கு, ள, ம் எனத் தனித்தனியே பிரித்து, ஆறு என்று சொல்லும்.